தலையில் ஏறும் படகு, மழை வந்தால் குடை! பவானிசாகரில் ஓர் ஒற்றை ஆள் பரிசல் தேடல்

விடியற்காலை ஐந்தரை மணி. பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு ராட்சத ஆமை மேட்டில் ஏறி வருகிறது. கொஞ்சம் கிட்டே வந்தால்தான் தெரிகிறது, ஆமைக்குக் கீழே இரண்டு மனிதக் கால்கள். மடித்துக் கட்டிய லுங்கி. கையில் ஒரு துடுப்பு.

மேட்டுக்கு வந்ததும் ஆமை ஓடு சாய்கிறது. உள்ளிருந்து வெளியே வருகிறார் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். அவர் தலையில் சுமந்து வந்தது பரிசல். நாற்பது வருடங்களுக்கு மேலாக இந்த நீரில் வலை போடுபவர். பரிசலைக் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்தில் விரலால் தட்டிப் பார்க்கிறார். தார் பொரிந்து உதிர்கிறது.

"இது இந்த வருசத்தோட செரிங்க. இனி ஒட்டுப் போட்டா தாங்காது. புதுசு ஒண்ணு பாக்கோணும்."

புதுப் பரிசல் வாங்க வேண்டும். ஆனால், எந்தப் பரிசல்? அவர் வீட்டில் ஒரு மாதமாக இதுதான் பேச்சு.

இரண்டு ஆறுகள், ஒரு கடல்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், சிறுமுகை தாண்டிப் போனால், மலையடிவாரத்தில் திடீரென்று கடல் போல விரிகிறது பவானிசாகர். நீலகிரிப் பக்கம் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது பவானி. முதுமலைப் பக்கமிருந்து ஆழமான பள்ளத்தாக்கில் இறங்கி வருகிறது மாயாறு. இரண்டும் கூடும் இடத்தில்தான் அணை. 1948-ல் தொடங்கிய வேலை 1955-ல் முடிந்தது. எட்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மண் அணை இது. 105 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறைந்தால் 32.8 டி.எம்.சி. கீழ்பவானி வாய்க்காலை நம்பி 2.07 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. கொங்கு நாட்டில் மஞ்சளும் நெல்லும் பேசும் எந்த வீட்டிலும் 'அணையில எத்தனை அடிங்க?' என்ற கேள்வி காலை வணக்கம் மாதிரி.

விவசாயிக்கு அந்த அடிக்கணக்கு நீர்ப்பாசனம். மீனவருக்கு அது வேறு கணக்கு. தண்ணீர் ஏறினால் மீன் விலகிப் போகும், கரை கிட்டே வரும். தண்ணீர் இறங்கினால் கரை தூரம் போய்விடும். நேற்று வரை நீர் நின்ற இடத்தில் இன்று சேறு. அந்தச் சேற்றையும் முள்ளையும் தாண்டிப் பரிசலைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கோடையில் நீர் நன்றாக வற்றும்போது, அணைக்குள் மூழ்கிய தணாயக்கன் கோட்டையின் பழைய கோயில் தலைகாட்டும். ஹொய்சளர் காலத் தண்டநாயகர்களின் பெயரைத் தாங்கிய ஊர் அது. கோயில் தெரிகிறது என்றால் ஊர் மக்கள் வேடிக்கை பார்க்கக் கிளம்புவார்கள். மீனவர்கள், இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள்.

அதனால்தான் இங்கே பரிசல் வாங்கும்போது, மிதக்குமா என்பதற்கு முன்பே வரும் கேள்வி: ஒரே ஆளால் தூக்க முடியுமா?

உலகம் முழுக்க ஒரே கவலை

தனியாக மீன் பிடிக்கப் போகிறவர்களின் கவலை எல்லா ஊரிலும் இதுதான். ஏரியே உறைந்து கல்லாகும் குளிர்நாடுகளில், பனியில் துளை போட்டுத் தூண்டில் இறக்குகிறார்கள். குளிர்காற்றைத் தாங்க ஒருவர் மட்டும் உட்காரும் கூடாரம் வைத்திருக்கிறார்கள். சறுக்கு வண்டித் தட்டின் மேல் மடித்து வைத்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டே போகலாம். அதை வாங்கும்போதும் எடை எவ்வளவு, காற்றுக்குத் தாங்குமா, தனியாக இழுக்க முடியுமா என்றுதான் பார்க்கிறார்கள். பவானிசாகரில் பனிக்கட்டி என்றால் மீன் அடுக்கும் தெர்மாகோல் பெட்டிக்குள் மட்டும்தான். ஆனால், கேள்வி அதே கேள்வி.

பரிசலுக்கும் தூரத்துச் சொந்தங்கள் உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், டைவி ஆற்று மீனவர்கள் ஒற்றை ஆள் கூடைப்படகை முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். இரண்டு படகுகள் ஜோடியாக மிதக்க, நடுவே வலை. நம் பக்கத்தில், 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துக்கீசியப் பயணி டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையைக் கடக்கும் தோல் போர்த்திய வட்டக் கூடைப் படகுகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். தோல் போய்ப் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்துவிட்டன. வடிவம் மட்டும் மாறவில்லை.

மூங்கிலா, ஃபைபரா?

பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு வந்தவர், அப்பாவை டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் ஏற்றிக்கொண்டு பரிசல் பார்க்கக் கிளம்பிவிட்டார். அவர் மனதில் இருப்பது ஃபைபர் பரிசல். பெரியது, வழவழப்பானது, தார் பூசும் வேலை இல்லை. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

"ஒருக்கா வாங்கிட்டா பல வருசத்துக்குக் கவலை இல்லீங்கப்பா. கூட ஒரு ஆளையும் கூட்டிட்டுப் போலாம்."

பெரியவர் அதன் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் எழுந்தது, மறுபக்கம் அசையவில்லை.

"கூட வர ஆளு யாரு கண்ணு? நீ திருப்பூர்ல இருக்கற. இதைத் தூக்கவே ரெண்டு பேரு வேணும். தண்ணி இறங்கற காலத்துல சேத்துல நான் ஒத்தையா எப்படி இழுப்பேன்?"

மகனிடம் பதில் இல்லை. சண்டை உண்மையில் பரிசலைப் பற்றியது இல்லை என்பது இருவருக்கும் தெரியும். கூட வலை போட்ட பங்காளிகள் ஒவ்வொருவராக ஒதுங்கிவிட்டார்கள். அடுத்த தலைமுறை மில்லுக்கும் கம்பெனிக்கும் போய்விட்டது. அப்பா தனி ஆளாகிவிட்டார். அவருக்கு ஒற்றை ஆள் பரிசல் தேவைப்படுவதே அதனால்தான். மகனுக்குப் பயம் வருவதும் அதனால்தான்.

அங்கிருந்து இருவரும் போனது, மூங்கில் பரிசல் முடையும் ஒருவரின் வாசலுக்கு. பிளந்த மூங்கில் பிளாச்சுகள் வெயிலில் கிடக்கின்றன. தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அடிப்பாகம் பெரிய கோலம் போலத் தெரிகிறது. அதன் ஓரங்களை வளைத்து மேலே ஏற்றி, விளிம்பில் கனமாக வரிந்து கட்டினால் கூடு தயார். வெளிப்பக்கம் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் போர்த்தி, காய்ச்சிய தாரைப் பூசுவார்கள். கைதேர்ந்தவருக்கு ஒரு பரிசல் முடைய ஒரு நாள் போதும். தார் காய்வதற்குத்தான் பொறுமை வேண்டும்.

பெரியவர் வைத்த நான்கு பரீட்சைகள்

முதல் பரீட்சை, தூக்கிப் பார்ப்பது. யாரையும் கை வைக்க விடவில்லை. விளிம்பைப் பிடித்துச் சாய்த்து, உள்ளே தலையைக் கொடுத்து, முதுகில் ஏற்றி இருபது அடி நடந்தார். திரும்பி வந்து, "ஈரமானா இன்னும் கனக்கும். அதுக்கும் சேத்துப் பாக்கோணும்" என்றார். ஆசைக்குப் பெரிய பரிசல் வாங்கி, கரையிலேயே போட்டு வைத்திருக்கும் ஆட்கள் உண்டாம்.

இரண்டாவது, உள்ளே உட்கார்ந்து பார்ப்பது. குந்தி உட்கார்ந்து, இல்லாத வலையை இரண்டு கையாலும் இழுப்பது போல இழுத்தார். விளிம்பு ரொம்ப உயரமாக இருந்தால் வலையை எட்டி இழுக்க முடியாது, தாழ்வாக இருந்தால் அலை உள்ளே வரும். உட்கார்ந்தவரின் முழங்கை விளிம்பில் இயல்பாகப் படிய வேண்டும் என்பது அவர் கணக்கு.

மூன்றாவது, அடிப்பக்கம். விரலால் அழுத்தினால் மூங்கில் கொஞ்சம் நெளிந்து கொடுக்க வேண்டும். அணைக்குள்ளே மூழ்கிப்போன மரங்களின் கட்டைகள் இன்னும் நிற்கின்றன. தண்ணீர் இறங்கும்போது அவை அடியில் இடிக்கும். மூங்கில் நெளிந்து நழுவிவிடும். ஃபைபர் விரிசல் விட்டால் ஒட்டுவதற்குக் கடை தேடி ஓட வேண்டும். மூங்கிலில் ஓட்டை விழுந்தால் ஒரு துண்டுச் சாக்கும் கொஞ்சம் தாரும் போதும். பரிசலுக்கு அடிக்கட்டை கிடையாது, தட்டையான அடி. அதனால் முழங்காலளவு நீரிலும் மிதக்கும். அதே காரணத்தால் காற்றுக்கு இழுபடும். ஒரு பக்கமாகத் துடுப்புப் போட்டால் பம்பரம் மாதிரி சுற்றும். முன்பக்கம் குனிந்து, தண்ணீரைத் தன் பக்கம் இழுப்பது போலத் துடுப்பைப் போட்டால்தான் நேராகப் போகும். பரிசல் ஓட்டத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் கரையில் நின்றே சொல்லிவிடலாம்.

நான்காவது பரீட்சைதான் வேடிக்கை. பரிசலைக் கவிழ்த்து, ஒரு பக்கத்தைத் துடுப்பால் முட்டுக் கொடுத்து நிறுத்தி, அதன் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்கண்ணா, அது எதுக்குங்க?" என்று முடைபவரே கேட்டுவிட்டார்.

"மழை வந்தா வேற எங்க போறது?"

மூன்று பக்கமும் நீர், ஒரு பக்கம் காடு. கரையில் ஒதுங்க மரநிழல்கூட இல்லாத இடங்கள் உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் பரிசல்தான் கூரை. கால் வெளியே நீட்டாமல் உட்கார முடிகிற அளவு இருந்தால், அது சரியான பரிசல்.

மகன் வைத்த இரண்டு நிபந்தனைகள்

மூங்கில் பரிசலுக்கே முன்பணம் கொடுத்தாயிற்று. ஆனால், மகனும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்று, லைஃப் ஜாக்கெட். ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பயணிகள் அதை அணியாமல் பரிசல் ஏறக் கூடாது என்பது விதி. தினமும் தண்ணீருக்குள் போகிற மனிதர் அது இல்லாமல் போவது என்ன நியாயம் என்று கேட்டார். "நீந்தத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு?" என்று ஆரம்பித்த பெரியவர், ஆடிக் காற்று நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று கொங்கு நாட்டையே உலுக்கும் மாதங்களில், மதியத்துக்கு மேல் அணைத் தண்ணீர் அலையடிக்கும். வலைக்கயிறு காலில் சுற்றிக்கொண்டால் நீச்சல் உதவாது.

இரண்டு, தனியாகப் போகக் கூடாது. பெரிய பரிசலில் இரண்டு பேர் போவதற்குப் பதில், ஒற்றை ஆள் பரிசல்கள் இரண்டு, கூப்பிடு தூரத்தில் போவது. அதே கரையில் வலை போடும் இன்னொருவரிடம் மகனே பேசி முடித்துவிட்டார். மீன் நிறைய விழுந்த அன்று, ஒருவர் பரிசலை இன்னொருவர் பரிசலோடு கயிற்றால் கட்டி இழுத்து வரவும் முடியும்.

"அப்பிடியே ஆகட்டும் சாமி" என்றார் பெரியவர்.

பத்து நாள் கழித்து, எக்ஸ்.எல். வண்டியின் பின்னால் கட்டப்பட்டுப் புதுப் பரிசல் கரைக்கு வந்தது. மாலையில் வலையை நீரில் நிறுத்திவிட்டு வந்தார்கள். மறுநாள் விடியலில் எடுத்தபோது ஜிலேபியும் ரோகுவும், பெரிய கட்லா ஒன்றும். எடை போடும் இடத்துக்குப் போவதற்குள் மலைப்பக்கமிருந்து தூறல் இறங்கியது. கரையில் அடுத்தடுத்து இரண்டு ஆமை ஓடுகள் கவிழ்ந்தன. ஒன்றின் கீழிருந்து பீடிப் புகை வந்தது. மற்றொன்றின் கீழே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் தெரிந்தது. கால் வெளியே நீளவில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

* கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், சிறுமுகை வழியாகச் சுமார் 70 கி.மீ. சத்தி சாலையில் புஞ்சைப் புளியம்பட்டி வழியாகவும் போகலாம். சத்தியமங்கலத்திலிருந்து சுமார் 16 கி.மீ.

* அணைப் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே சுடச்சுட மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்புபவர்கள் குறைவு. அணையின் மேல்பகுதிக்குப் பொதுமக்களை விடுவது ஆடி 18 அன்று வழக்கம். போகும் முன் அந்த ஆண்டு அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

* நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஆசைக்குக்கூடப் பரிசலில் ஏறிவிடாதீர்கள்.

* அணையை ஒட்டிய காடு, 2013-ல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். மாலையில் யானைகள் தண்ணீருக்கு வரும். கரையோரம் இறங்க வேண்டாம்.

* காட்டுக்குள் இருக்கும் தெங்குமரஹாடா கிராமத்து மக்கள் மாயாற்றைப் பரிசலில்தான் கடக்கிறார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் அக்கரைக்குப் போக முடியாமல் நின்றுவிடுவார்கள். வெளியாட்கள் அங்கே போக வனத்துறை அனுமதி அவசியம்.