ஹெரால்டும் இருபது வளைவுகளும்

செம்மநத்தத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் வண்டியை நாங்கள் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் வருகிறவர்கள் சிரித்துவிடுகிறார்கள். சிரிப்பதற்கு நியாயமும் இருக்கிறது. அது 1967ஆம் ஆண்டுப் பதிவு கொண்ட இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. எஞ்சின் 948 சிசி. இன்றைய ஆல்டோ கே10இன் எஞ்சினைவிடவும் சற்றுச் சிறியது. பின்னிருக்கையில் ஒரு மூட்டை மிளகு ஏறிவிட்டால் வண்டி பெருமூச்சு விடும். இருந்தும் எங்கள் கூற்றை நாங்கள் திரும்பப் பெறப் போவதில்லை. இந்த வண்டியின் வம்சாவளி அப்படி.

உரிமம் பெற்று ஆமை வேகத்தில் கார் செய்த காலத்தில் இந்தியாவில் மூன்று கார்கள்தாம் கண்ணில் படும் என்பது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடர், பம்பாயிலிருந்து ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்ட். மூன்றாவதைச் செய்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் என்ற நம்மூர் நிறுவனம். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் வண்டலூரில் செய்தார்கள். தூரினைச் சேர்ந்த ஜியோவான்னி மிக்கேலோட்டி வரைந்த உருவம் அது. அம்பாசிடர் ஒரு பெரிய குடும்பத்தின் தலைவரைப் போலவும் ஃபியட் ஒரு வங்கி அதிகாரியைப் போலவும் தெருவில் போய்க்கொண்டிருந்த நாட்களில், கல்லூரிக்குப் புதிதாகச் சேர்ந்த பையனைப் போல இது போயிற்று.

அந்தக் காலத்து மற்றக் கார்கள் பலவும் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாய் வார்த்ததுபோல் வரத் தொடங்கியிருந்தன. ஹெரால்டு அப்படி வரவில்லை. அதற்கு உடல் செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. ஆகவே தனியாக ஓர் இரும்புச் சட்டம், அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டுப் பொருத்திய தகடுகள் என்ற பழைய முறைக்கே அவர்கள் போகவேண்டியதாயிற்று. நெருக்கடியில் பிறந்த அந்தச் சட்டம்தான் பிற்பாடு பிழைத்துக்கொண்டது. மேலே இருந்த தகடுகளைக் கழற்றி, சட்டத்தைக் குட்டையாக்கி, தாழ்வான இன்னொரு உடலைப் பொருத்தினார்கள். 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் வந்தது. அதற்குக் கூரை போட்டு, இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள். 1966இல் ஜிடி6 வந்தது. ஏழையின் ஜாகுவார் ஈ டைப் என்று அதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு.

ஜிடி என்பது கிரான் துரிஸ்மோ என்ற இத்தாலியச் சொற்களின் சுருக்கம். பெரும்பயணம் என்று கொள்ளலாம். பந்தயத் திடலில் வட்டமடித்துவிட்டு லாரியில் ஏறி வீடு திரும்பும் கார் அல்ல அது. பெட்டியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு, ஒரு நகரத்திலிருந்து தொலைவிலுள்ள இன்னொரு நகரத்துக்கு வேகமாகவும் அலுப்பில்லாமலும் போவதற்கான கார். அப்படி ஒன்றை வாங்க வேண்டும் என்ற ஆசை எங்கள் இருவருக்கும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. சம்பளம் ஒத்துழைக்கவில்லை. ஜிடி6ஐப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தோம்.

2009இல் தேடத் தொடங்கியபோது முதலில் கிடைக்கவிருந்தது ஸ்டாண்டர்ட் 2000. அதே வண்டலூர்த் தொழிற்சாலை 1985இல் வெளியிட்ட கடைசி முயற்சி. அதன் உடல் ரோவர் எஸ்டி1. ஃபெராரி டேட்டோனாவைப் பார்த்து டேவிட் பாக் வரைந்த முகம். உள்ளே இருந்ததோ பழைய வான்கார்டு காலத்து வடிவமைப்பிலிருந்து வந்த இரண்டு லிட்டர் எஞ்சின். ராஜபார்ட் வேடத்துக்குள் நோஞ்சான் நடிகன். மூன்று ஆண்டுகளில், 1988இல், உற்பத்தி நின்றது. சென்னையில் நாங்கள் பார்த்த வண்டியின் முகப்பு எங்களை மயக்கியது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதற்கு ஒரு கதவுக் கைப்பிடி உடைந்தால்கூட எங்கே போவது என்ற கேள்விக்கு விற்றவரிடம் பதில் இல்லை.

ஹெரால்டு சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையோரம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ஒரு புதிய மோட்டார் சைக்கிளின் விலைதான் கேட்டார். பேரம் பேசவில்லை, பேச விடவுமில்லை. "மலைக்கு எடுத்துட்டுப் போறீங்களா? ரெண்டாவது கியர்ல எறக்குங்க, கண்ணு. பிரேக்கை நம்பாதீங்க" என்றார். எங்களில் ஒருவருக்கு அது எச்சரிக்கையாகவும் மற்றவருக்கு ஆசீர்வாதமாகவும் கேட்டது. ஆர்.சி. புத்தகத்தையும் ஒரு டப்பா நிறையப் பழைய போல்ட்டுகளையும் கையில் கொடுத்தார்.

அவர் சொன்னதன் பொருள் முதல் வாரத்திலேயே விளங்கத் தொடங்கியது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஹெரால்டின் முதல் கியர், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சுலபத்தில் விழாது. பல்லோடு பல் உரசிக் கூச்சலிடும். ஆகவே வளைவில் எதிரே பேருந்து வருமா வராதா என்பதை முன்கூட்டியே கணித்து, இரண்டாவது கியரின் மூச்சு அடங்காமல் பார்த்துக்கொண்டே ஏறவேண்டும். இன்னொரு பக்கம் இந்த வண்டி ஒரு வரப்பிரசாதம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். பெரிய கார்கள் பின்வாங்கி முன்வாங்கித் திணறும் வளைவில் இது பம்பரம்போல் சுற்றிக்கொண்டு போகும். காப்பித் தோட்டத்துக் குறுகலான வழிகளில் எதிரே ஜீப் வந்தால் ஒதுங்க வேண்டியவர்கள் யார் என்பதில் எங்களுக்கு இதுவரை வழக்கே வந்ததில்லை.

இறக்கம் வேறு விஷயம். ஹெரால்டின் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி அச்சுகளில் தொங்குகின்றன. அந்த அச்சுகள் நடுவில் மட்டுமே கீல் போட்டவை. பறவையின் சிறகுகள் போல மேலும் கீழும் அசையும். நேர்ச்சாலையில் சுகமான சவாரி. வளைவில் வேகமாக நுழைந்து, பயந்துபோய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பகுதி எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் உட்புறமாக மடங்கும். டயரின் விளிம்பு மட்டுமே தரையைத் தொடும். அப்புறம் வண்டி எந்தப் பக்கம் பார்க்கும் என்பது வண்டிக்கே தெரியாது. ஜிடி6க்கும் இதே குறைதான் வந்து சேர்ந்தது. ஆறு சிலிண்டரின் வேகத்தில் அது இன்னும் பயங்கரமாயிற்று, பத்திரிகைகள் கண்டித்தன, 1968இல் இரண்டாவது ஜிடி6க்குப் பின்பகுதியை மாற்றினார்கள். இங்கே வண்டலூரில் 1970களில் ஹெரால்டின் வாரிசாக வந்த கஸேலுக்கு இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் கெட்டியான ஒற்றை அச்சே போதும் என்று முடிவுகட்டினார்கள். எங்களுடையது 1967. சிறகுகள் அப்படியே இருக்கின்றன.

ஆகவே நாங்கள் கற்றுக்கொண்ட ஓட்டம் இது: வளைவுக்கு முன்னமே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடவேண்டும். நுழைந்தபின் காலை எடுக்கக்கூடாது. மிக லேசாக அழுத்திக்கொண்டே போகவேண்டும். பயம் வரும் இடத்தில் காலைத் தளர்த்தாமலிருப்பது உடம்புக்கு இயல்பானதல்ல. ஸ்பிட்ஃபயர் ஓட்டிய இங்கிலாந்துப் பையன்களும் இதைத்தான் பழகியிருப்பார்கள். மணிக்கு முப்பது கிலோமீட்டரில், பனிமூட்டத்தில், பின்னிருக்கையில் முட்டைகோஸ் மூட்டையோடு நாங்கள் பழகினோம். எங்கள் கூற்றுக்கு இதைவிட வேறு ஆதாரம் எங்களிடம் இல்லை.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. அதைத்தான் பழைய ஹெரால்டு வாங்க நினைப்பவர்கள் கவனிக்கவேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் டிரன்னியன் என்ற பித்தளைத் துண்டு இருக்கிறது. தண்டு அதற்குள் மரையாக இறங்கித் திரும்புகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சுழல்வது அந்த மரைதான். அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விடவேண்டும். கிரீஸ் அடித்தால் மரையின் அடிவரை போய்ச் சேராது, தண்ணீர் புகும், துரு பிடிக்கும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் சாய்ந்து விழும். எங்கள் வண்டிக்கு முன்பு ஏதோ ஒரு பட்டறையில் ஆண்டுக்கணக்கில் கிரீஸ்தான் அடித்திருக்கிறார்கள். சேலத்தில் எங்களுக்கு வாய்த்த வயதான மேஸ்திரி வலப்பக்கத்தைக் கழற்றி, தண்டைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மயிரிழை போல ஒரு விரிசல். "இதோடவா மலை ஏறி எறங்குனீங்க? சாமி இருக்குதுங்க" என்றார். தெய்வ விஷயத்தில் எங்கள் இருவருக்கும் கருத்து ஒற்றுமை கிடையாது. அன்றைக்கு யாரும் மறுத்துப் பேசவில்லை.

இங்கேதான் வம்சாவளி உதவிக்கு வந்தது. வண்டலூர்த் தொழிற்சாலை மூடி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. உதிரிபாகம் என்று கேட்டால் சேலத்துக் கடைக்காரர்கள் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டதுபோல் பார்ப்பார்கள். ஆனால் அந்தத் தண்டும் டிரன்னியனும் ஸ்பிட்ஃபயர் குடும்பத்துக்கும் பொதுவானவை. ஸ்பிட்ஃபயர் 1980வரை உற்பத்தியானது. அதைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் இங்கிலாந்தில் இன்றும் ஏராளம். அவர்களுக்காகப் புதிதாகப் பாகங்கள் செய்கிறார்கள். அவற்றில் இரண்டு, சுங்கவரி கட்டி, செம்மநத்தம் வந்து சேர்ந்தன. பணக்கார வீட்டுத் தாயாதியின் செல்வாக்கில் பிழைக்கும் ஏழைக் குடும்பம் போலத்தான் எங்கள் ஹெரால்டு உயிரோடிருக்கிறது.

வேலை செய்யச் சுகமான வண்டி என்பதையும் சொல்லவேண்டும். பானட் என்பது மூடி மட்டுமல்ல. மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுவதும் முதலை வாய் திறப்பதுபோல முன்னோக்கிச் சாய்ந்துவிடும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பார்க்கலாம். எங்களில் முதுகுவலிக்காரருக்கு வைத்தியர் சொன்னதைவிட இது இதமாக இருக்கிறது. அண்மைக் காலத் தொல்லை பெட்ரோல். இருபது சதவீதம் எத்தனால் கலந்து வருவது பழைய ரப்பருக்கு ஆகாது. குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் மாற்றிவிட்டோம்; மாதம் ஒருமுறை மோந்து பார்க்கிறோம்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழமைவாய்ந்த வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டி 'வின்டேஜ்' என்று பதியப்படலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். எங்கள் வண்டிக்கு 2017லேயே அந்த வயது வந்துவிட்டது. நண்பர்கள் பலரும் உடனே செய்யச் சொன்னார்கள். கௌரவம் என்றார்கள், விலை ஏறும் என்றார்கள். விதியைப் படித்துப் பார்த்தோம். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும், பழைய கார்களின் ஊர்வலத்துக்கும், ஆய்வுக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் சாலையில் ஓட்டலாம். அன்றாடக் காரியத்துக்கு ஓட்டக்கூடாது.

எங்களுக்கு இருக்கும் காரியங்களோ அன்றாடமானவை. மளிகை, உரம், தபால், மழைநாளில் பள்ளிவிட்டு நடந்துவரும் பிள்ளைகள். ஒரு டிசம்பர் இரவில், பழம் பறிக்கும் பருவத்தில், பக்கத்து வீட்டுக்காரரின் தாயாருக்கு மூச்சு முட்டியபோது கொட்டகையிலிருந்து கிளம்பியது இந்த வண்டிதான். முன்னிருக்கையைச் சாய்த்து அம்மாவைப் பின்னால் படுக்கவைப்பதற்குள் இரண்டு கதவு வண்டியை அதன் மகன் சபித்த சாபம் எங்கள் காதில் இன்னும் இருக்கிறது. ஏற்காடு அரசு மருத்துவமனை வரை விளக்கு வெளிச்சத்தில் பனி வெள்ளைச் சுவராக நின்றது. ஒருவர் ஓட்ட, மற்றவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சாலையோரத்தைச் சொல்லிக்கொண்டே போனோம். அந்தப் பயணத்தை எந்த வகைக் கண்காட்சியில் சேர்ப்பது? அம்மா பிழைத்துக்கொண்டார். ஆண்டுதோறும் ஒரு பலாப்பழம் வருகிறது.

2022இல் சாதாரண வண்டியாகவே புதுப்பித்தோம். அதுவரை 600 ரூபாயாக இருந்த கட்டணம் அந்த ஏப்ரலிலிருந்து 5,000. பசுமை வரி தனி. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி இருபது ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு 10,000. எங்கள் அடுத்த தவணை 2027இல். அரசாங்கத்தின் எண்ணம் புரியாமல் இல்லை. புகை கக்கும் பழைய வண்டிகள் நகரத்துக்குக் கேடு என்பதையும் நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பழையது என்றால் ஒன்று உடைத்து இரும்புக்குப் போடவேண்டும், அல்லது கண்ணாடிக்குப் பின்னால் வைத்து மாலை போடவேண்டும் என்ற இரண்டு வழிகளுக்கு நடுவே, ஒழுங்காகப் பராமரித்து வேலை வாங்குவது என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறதே. அதற்குரிய விலை ஏறிக்கொண்டே போகிறது. கட்ட முடிகிறவரை கட்டுவதாக இருக்கிறோம்.

மேஸ்திரி கடையை மகனிடம் விட்டுவிட்டார். மகனுக்குக் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் வண்டிகள்தாம் பழக்கம். ஆனாலும் கை நல்ல கை. போன மாதம் அவரை மலைக்கு வரவழைத்து, பானட்டைச் சாய்த்து, டிரன்னியனுக்கு எண்ணெய் விடும் துளையைக் காட்டினோம். கிரீஸ் துப்பாக்கியைத்தான் முதலில் எடுத்தார். வாங்கி வைத்துவிட்டு, கியர் ஆயில் டப்பாவைக் கையில் கொடுத்தோம். "ரெண்டு பக்கமுங்களா?" என்று கேட்டார். இரண்டு பக்கமும், புது எண்ணெய் வெளியே கசிகிறவரைக்கும் என்றோம்.