ஆறரை வருசம் காத்திருந்த பூச்சி

வீடியோ கேம்னாலே 'சின்னப் பசங்க சமாச்சாரம்'னு நகர்ந்து போற ஆளா நீங்க? ஒரு அஞ்சு நிமிசம் இருங்க. இது கேமைப் பத்தி பாதி, காத்திருக்கிறதைப் பத்தி மீதி. ரெண்டாவது விஷயத்துல நம்ம எல்லாருக்குமே அனுபவம் உண்டு.

2025 செப்டம்பர் 4-ம் தேதி, நம்ம நேரப்படி ராத்திரி 7:30 மணிக்கு, உலகம் பூரா ஒரே சமயத்துல ஒரு கேம் வெளியாச்சு. பேரு 'ஹாலோ நைட்: சில்க்சாங்'. அடுத்த நிமிசமே ஸ்டீம், நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ்னு கேம் விக்கிற இணையக் கடைகள் எல்லாம் திணற ஆரம்பிச்சது. காசைக் கையில வெச்சுக்கிட்டு ஜனம் நிக்குது, வாங்கிப் போடக் கல்லாப்பெட்டி திறக்க மாட்டேங்குது! முன்பதிவுன்னு ஒண்ணு இல்லாததால மொத்தக் கூட்டமும் அந்த ஒரே நிமிசத்துக்கு வந்து விழுந்துச்சு. ரஜினி படத்து முதல் காட்சிக்கு டிக்கெட் கவுண்டர் கம்பி வளையுமே, அதே கதைதான். அன்னிக்கே ஸ்டீம்ல மட்டும் ஒரே நேரத்துல அஞ்சு லட்சத்துக்கும் மேலானவங்க ஆடிக்கிட்டிருந்தாங்க.

இவ்வளவுக்கும் இது ஒரு ராட்சஸக் கம்பெனியோட தயாரிப்பு கிடையாது. ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு நகரத்துல இருக்கிற 'டீம் செர்ரி'ங்கிற குட்டி அணி. ஆரி கிப்சன், வில்லியம் பெல்லன்னு ரெண்டு பேர்தான் அச்சாணி. கூட விரல் விட்டு எண்ணற அளவுக்கு ஆட்கள். 2014-ல கிக்ஸ்டார்ட்டர்ல "35,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுங்க, பூச்சிகளை வெச்சு ஒரு கேம் பண்றோம்"னு கையேந்தினாங்க. 57,000 சேர்ந்துச்சு. அதை வெச்சு 2017 பிப்ரவரியில 'ஹாலோ நைட்' வந்துச்சு.

கேம் ஆடாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தொண்ணூறுகள்ல டிவி கேம்னு ஒண்ணு வீட்டுக்கு வீடு வந்துச்சே, மஞ்சள் கேசட்டைச் சொருகி, ஊதி, மறுபடி சொருகி மரியோ ஆடினோமே, அந்த ஜாதிதான் இதுவும். ஓடு, தாவு, பள்ளத்துல விழாதே. இந்த வகைக்குப் 'பிளாட்ஃபார்ம்' கேம்னு பேரு. (நம்ம ரயில் நிலையப் பிளாட்ஃபார்ம் இல்லீங்க, தாவி ஏற மேடைங்க இருக்கிறதால அந்தப் பேரு.) மரியோவுல இடமிருந்து வலமா ஒரே ஓட்டம். ஹாலோ நைட்ல அப்படி இல்லை. பூமிக்கடியில ஒரு பாழடைஞ்ச பூச்சி ராஜ்ஜியம், எறும்புப் புத்து மாதிரி எல்லாப் பக்கமும் வழி பிரியும். மேப்பைக்கூட காசு கொடுத்துத்தான் வாங்கணும். வழி தப்பி எங்கேயோ போய், அங்கே ஒரு வண்டு தனியா உட்கார்ந்து பாடிக்கிட்டிருக்கும் பாருங்க... அந்த இடத்துல நான் கண்ட்ரோலரைக் கீழே வெச்சுட்டு சும்மா கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன். இசை கிறிஸ்டோபர் லார்கின். எனக்கு அவரை இளையராஜாவோட எல்லாம் ஒப்பிடத் தெரியாது, ஆனா மழை நாள்ல கேட்டுப் பாருங்க.

இதை எனக்கு அறிமுகப்படுத்தினது என் அக்கா பையன். அப்போ அவன் ஆறாங்கிளாஸ். அடுத்த தெருதான். அவங்க வீட்ல கம்ப்யூட்டரைத் தொட்டா அக்கா தோலை உரிச்சிடுவா, அதனால சனிக்கிழமை ஆனா நம்ம வீடு. நான் பாஸ் சண்டையில பதினஞ்சு தடவை செத்துட்டு எழுந்து போனா, அவன் உட்கார்ந்து மூணாவது தடவையில முடிச்சுட்டு, "மாமா, அது கையைத் தூக்கும்போதே தாவிடணும், நீங்க அடிக்கிற வரைக்கும் நிக்கறீங்க"ம்பான். முப்பத்தெட்டு வயசுக்காரனுக்கு பதினோரு வயசு வாத்தியார்.

இந்த நிலைமையிலதான் 2019 பிப்ரவரியில சில்க்சாங் அறிவிப்பு. முதல் கேம்ல நம்மளைத் துவைச்சுக் காயப் போட்ட ஹார்னெட்ங்கிற ஊசிக்காரி இருக்காளே, அவதான் இதுல நாயகி. கிக்ஸ்டார்ட்டர்ல பணம் கொடுத்தவங்களுக்கு வாக்குக் கொடுத்த ஒரு கூடுதல் சமாச்சாரம் இது. பண்ணப் பண்ண வளர்ந்து தனிக் கேமாவே ஆயிடுச்சுன்னு சொன்னாங்க. அந்த அறிவிப்பு வந்த வாரம் பையன் அஞ்சு நாள் தூங்கலைன்னு அக்கா எனக்குத்தான் திட்டு.

அப்புறம்? அப்புறம் ஒண்ணுமில்லை. அதான் கதையே!

2020 போச்சு. 2021 போச்சு. யூடியூப்ல ஒருத்தர் தினமும் ஒரு வீடியோ போட ஆரம்பிச்சார். செய்தி என்னன்னா, 'இன்னிக்கு சில்க்சாங் பத்தி செய்தி எதுவும் இல்லை'. தினமும். வருசக்கணக்கா. 2022 ஜூன்ல எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில காட்டினாங்க, இதுல காட்டறது எல்லாம் 12 மாசத்துக்குள்ள ஆடலாம்னாங்க. நானும் பையனும் அப்பளம் பொரிச்சு சாப்பிட்டுக் கொண்டாடினோம். 2023 மே மாசம், 'இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகுது'ன்னு ரெண்டு வரி. எப்போன்னு இல்லை. நிண்டெண்டோ, சோனி எந்த நிகழ்ச்சி நடத்தினாலும் உலகம் பூரா ரசிகர்கள் 'இன்னிக்கு வந்துடும்'னு கோமாளி மேக்கப் போட்ட படங்களைப் போட்டுட்டு உட்காருவாங்க. வராது. மேக்கப்பைக் கலைச்சுட்டு அடுத்த நிகழ்ச்சிக்குக் காத்திருப்பாங்க. 2025 ஜனவரியில பெல்லன் தன்னோட படத்தை எடுத்துட்டு ஒரு கேக் படம் வெச்சார். அவ்வளவுதான், அது எந்த ஊரு கேக்கு, அந்தச் சமையல் குறிப்பு வெளியான தேதி என்னன்னு தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஜோசியக்காரன்கூட அப்படி ஆராய மாட்டான்.

வெளியில இருந்து பார்த்தா இது பைத்தியக்காரத்தனம்தான், ஒத்துக்கறேன். ஆனா உள்ளே இருந்து பார்த்தா வேற. நம்ம ஊர்ல பஸ் வராத ஸ்டாப்புல நாலு பேர் நிக்கிறப்ப, முதல் பத்து நிமிசம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க மாட்டாங்க. அரை மணி ஆனா பேச ஆரம்பிப்பாங்க. ஒரு மணி நேரம் ஆனா ஒருத்தர் சுண்டல் வாங்கி எல்லாருக்கும் கொடுப்பார். அப்படி ஒரு ஸ்டாப்புல ஆறரை வருசம் நின்ன கூட்டம் இது.

எனக்கும் பையனுக்கும் நடுவுலயும் அதான் நடந்துச்சு. எட்டாங்கிளாஸ் போனப்புறம் அவன் சனிக்கிழமை வர்றது குறைஞ்சது. பத்தாவதுல டியூஷன். ப்ளஸ் டூல பேச்சே கிடையாது, கேட்ட கேள்விக்கு "ம்". அந்த வயசு அப்படித்தான், நானும் என் மாமாகிட்ட அப்படித்தான் இருந்திருப்பேன். ஆனா மாசத்துக்கு ஒரு தடவை போன்ல ஒரு வரி வரும். "மாமா, செய்தி எதுவும் இல்லை." நான் பதிலுக்கு, "நாளைக்கு வரும்டா." வேற எதுவும் பேச எங்களுக்கு அப்போ தெரியலை, இது போதுமா இருந்துச்சு.

2025 ஆகஸ்ட் 21-ல தேதியை அறிவிச்சாங்க, ரெண்டே வாரம்தான் அவகாசம். 'பேபி ஸ்டெப்ஸ்', 'டீமன்ஸ்கூல்'னு அந்தச் சமயம் வர இருந்த சில கேம்கள் பயந்துபோய் தேதியை மாத்திக்கிட்டு ஓடிச்சு. (பொங்கலுக்கு பெரிய நடிகர் படம் வர்றப்ப சின்னப் படங்க ஒதுங்குமே!) இங்கே பிரச்சினை என்னன்னா, நம்மாளு அந்த மாசம்தான் கோயம்புத்தூர்ல காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போயிருந்தான். ஆறாங்கிளாஸ்ல கேட்ட கேமு, பள்ளிக்கூடம் முழுக்க முடிஞ்சு அவன் ஊரை விட்டுப் போனப்புறம் வருது. எனக்குக் கேம் வர்ற சந்தோசத்தைவிட இது கொஞ்சம் தொண்டையில நின்னுச்சு. வெளியில சொல்லலை.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு ஊர்லேர்ந்தும் கடையை மாத்தி மாத்தித் தட்டிக்கிட்டிருந்தோம். எனக்குத்தான் முதல்ல கிடைச்சது. "ஆரம்பிச்சுடாதீங்க மாமா, இருங்க"ன்னான். ஹாஸ்டல் வைஃபை புண்ணியத்துல அவன் லேப்டாப்ல இறங்கி முடிய ராத்திரி பதினொண்ணரை. நாலு மணி நேரம் முதல் பக்கத்துல ஹார்னெட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். ஆறரை வருசத்துல இது ஒரு கணக்கா?

சரி, கேம் எப்படி? அழகு. அதுல சந்தேகமே வேண்டாம். இந்தத் தடவை ராஜ்ஜியத்துக்குப் பேரு ஃபார்லூம். கீழே இருந்து மேலே ஏறணும், உச்சியில கோட்டை. ஹார்னெட் ஓடறதும் தாவறதும் பட்டுநூல் வழுக்கற மாதிரி இருக்கு. முதல் கேம்ல நாயகன் பேச மாட்டான், இவ நல்லா, நிமிர்ந்து பேசறா. எனக்கு அது ரொம்பப் பிடிச்சது.

ஆனா கஷ்டம். சும்மா கஷ்டம் இல்லை, கொலைகாரக் கஷ்டம். ஆரம்பத்துல அஞ்சு உயிர்ப்புள்ளிதான், பல எதிரிங்க ஒரே அடியில ரெண்டைப் பிடுங்கறாங்க. முதல் கேம்ல எதிரி தலைக்கு மேல நேரா கீழே குத்தித் துள்ளலாம். ஹார்னெட் சாய்வாப் பாயறா. என் கட்டை விரலுக்கு அந்தச் சாய்வு பிடிபட நாலு நாள் ஆச்சு. உட்கார்ந்து இளைப்பாற பெஞ்சு இருக்கும், அதுல சிலதுக்குக் காசு கேட்பாங்க. எறும்புப்படை சுத்தற ஹன்டர்ஸ் மார்ச்னு ஒரு இடம். தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தா ஒரு பெஞ்சு. அப்பாடான்னு உட்கார்ந்தா, பெஞ்சே பொறி! அடிச்சுத் தூக்கிப் போடுது. நான் கத்தின கத்துல வீட்டம்மா எழுந்து வந்துட்டாங்க.

இந்தக் கஷ்டத்தைப் பத்தி உலகம் பூரா சண்டை. 'இவ்வளவு வருசம் காத்திருந்தவனை இப்படியா அடிக்கிறது'ன்னு ஒரு கோஷ்டி, 'கத்துக்கோ'ன்னு ஒரு கோஷ்டி. முதல் திருத்தத்துலயே ரெண்டு பாஸ்களைக் கொஞ்சம் இளக்கினாங்க. சீனாவுல வேற மாதிரிக் கோபம். மொழிபெயர்ப்பு ஏதோ பழைய வீரகாவிய நடையில இருக்குன்னு திட்டித் தீர்த்துட்டாங்க. (செந்தமிழ்ல டப்பிங் பண்ணின ஹாலிவுட் படம் பார்த்த நமக்கு அந்த வலி புரியும்.)

என் கட்சி நடுவுல. ஒரு பாஸ்கிட்ட தோத்தா திரும்பத் திரும்ப மோதறதுல எனக்குப் புகார் இல்லை. ஆனா தோத்தப்புறம் அந்த பாஸ்கிட்ட போய்ச் சேரவே ரெண்டு நிமிசம் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடணும்னா, வேலைக்குப் போய்ட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடறவன் என்ன பண்ணுவான்? 'லாஸ்ட் ஜட்ஜ்'னு ஒரு பாஸ் அப்படி. பாலைவனப் பாறைங்கள்ல தாவித் தாவிப் போய்ச் சண்டை போடணும். கடைசியில ஜெயிச்சேன்னு கையை எடுத்தா, செத்த ஆள் வெடிச்சு என்னையும் கொண்டு போயிட்டார். இதை நானா சொல்லலைன்னா நம்ப மாட்டீங்க. பையன் முன்னாடியே தாண்டிட்டான், "சொல்லட்டுமா"ன்னு கேட்டான், வேண்டாம்னுட்டேன். அவன் சிரிச்ச சிரிப்புலயே ஏதோ இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும் :-)

தயாரிச்சவங்க ஏன் இவ்வளவு வருசம் எடுத்துக்கிட்டாங்க? சண்டையா, பணமுடையா, ஆள் விட்டுப் போயிட்டாங்களான்னு ஆளாளுக்கு யோசிச்சு வெச்சிருந்தோம். தேதி அறிவிச்ச அன்னிக்கே புளூம்பெர்க்ல ஒரு பேட்டி வந்துச்சு. அதுல அவங்க சொன்ன காரணம், பிரச்சினை எதுவும் இல்லை, செய்யச் செய்ய நல்லா இருந்துச்சு, அதான் செஞ்சுக்கிட்டே இருந்தோம். முதல் கேம் ஒன்றரைக் கோடிப் பிரதி வித்திருக்கு. பணக்கவலை இல்லை, மேல நின்னு விரட்ட முதலாளி இல்லை. புதுசா ஒரு யோசனை தோணினா சேர்த்துக்கிட்டே போயிருக்காங்க. இத்தனைக்கும் விலை 20 டாலர்தான். பெரிய கம்பெனிங்க 70 டாலருக்கு மேல கேட்கிற காலத்துல!

சிலருக்கு இந்தப் பதில் கோபத்தைக் கிளப்பிச்சு. 'நாங்க இங்கே தவிச்சோம், நீங்க அங்கே ஜாலியா இருந்தீங்களா'ன்னு. எனக்கு நேர் எதிரா இருந்துச்சு. அவங்க ராத்திரி பகலா கண்ணீர் விட்டுக்கிட்டு இதைச் செஞ்சிருந்தா, அந்தப் பாரம் என் மேலயும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அங்கேயும் சந்தோசம், இங்கேயும் சந்தோசம், நடுவுல யாரையும் யாரும் விரட்டலை. இந்தத் தொழில்ல மட்டும் இல்லை, எந்தத் தொழில்லயும் இப்படி நடக்கிறதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனா ஒண்ணு, மூணு மாசத்துக்கு ஒரு வரி 'உயிரோட இருக்கோம்'னு போட்டிருக்கலாம். வேலை நடக்குதுன்னு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னா ஜனங்களுக்குச் சலிச்சுடும்னு நினைச்சாங்களாம். அந்த நியாயம் எனக்குப் பாதிதான் செரிச்சது.

இப்போ சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் ஹாஸ்டல்லேர்ந்து கூப்பிடறான். அவனவன் திரையில அவனவன் ஆட்டம், காதுல மட்டும் பேச்சு. "அங்கே இடது பக்கச் சுவரை அடிச்சுப் பாருங்க" என்பான். நடுநடுவே மெஸ் சாம்பார், ரூம்மேட்டோட குறட்டை, ஒரு பாடம் சுத்தமாப் புரியலைங்கிறதெல்லாம் வருது. முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தா "ம்"தான் வந்திருக்கும். அக்கா என்கிட்ட ரகசியமா, "என்னடா சொல்றான்?"னு விசாரிக்கிறா. அந்த அளவுக்கு நம்ம மதிப்பு ஏறியிருக்கு.

2025 டிசம்பர்ல டீம் செர்ரி மறுபடி வாயைத் திறந்தாங்க. 'ஸீ ஆஃப் ஸாரோ'ன்னு கடல் சம்பந்தமா ஒரு கூடுதல் பகுதி, இலவசமாவே, 2026-ல. எந்த மாசம்னு சொல்லலை. அன்னிக்கு ராத்திரியே பையன்கிட்டேயிருந்து ஒரு கோமாளி மூஞ்சி வந்துச்சு. நான் ரெண்டா திருப்பி அனுப்பினேன்.