கட்டின வீடா, கட்டப் போகும் வீடா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்று சொல்லிவிட்டுப் போன மகானுபாவர், "வீட்டை வாங்கிப் பார்" என்று ஒரு வார்த்தை சேர்க்க ஏனோ மறந்துவிட்டார். அவர் மறந்த வினை, இருபத்தெட்டு வருஷம் வாடகை வீடுகளில் காலந்தள்ளி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற என் தலையில் வந்து விடிந்தது.

கையில் இருந்தது வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்த ஒரே தொகை. அது ஆயுளில் ஒரு தடவைதான் வரும். தவறவிட்டால் மறுபடி வராது. எதிரில் இருந்தவையோ இரண்டு. சிதம்பரத்துக்கு வெளியே ஒரு காலி மனை; கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில், அறுபது வருஷத்துப் பழைய வீடு.

என் சகதர்மிணி மனைக் கட்சி. "ஒன்பது வீட்டில் குடியிருந்தாயிற்று. ஒன்பதிலும் யாரோ கட்டின மேடையில், யாரோ வைத்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சமைத்தேன். பத்தாவது வீட்டிலாவது ஜன்னல் நான் சொல்லுகிற இடத்தில் இருக்கட்டுமே" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. கணக்கும் அவள் பக்கமே பேசிற்று. நம் ராஜ்யத்தில் பொதுவாகக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். பழைய வீடானால் கட்டடத்தின் மதிப்புக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். காலி மனையானால் மண்ணுக்கு மட்டும் கட்டினால் போதும்.

முடிவு தெரியாமல் ஒரு நாள் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால், என்னுடைய சங்கடம் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கும் இருந்திருக்கிறது. சென்னையில் அவர்கள் வெறும் மணலில் கோட்டை கட்டிக்கொண்டார்கள். இங்கேயோ, 1690-இல், மராட்டியரிடமிருந்து கட்டின கோட்டையையே விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கை: கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அவ்வளவு நிலமும் அவர்களுக்குச் சேரும்! அப்படிச் சேர்ந்தவற்றுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. 1746-இல் கட்டின சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, வாங்கின கடலூர்தான் கும்பினியாருக்குத் தலைநகராயிற்று. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதையும் பிடித்து இடித்துப் போட்டான் என்பது வேறு சமாசாரம்.

வியாபாரிகள் நம்மை ஏய்த்த கதைதான். ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. வீட்டை வாங்குகிறவன் சுவரை மட்டும் வாங்குவதில்லை. குண்டு விழும் தூரம் வரை வாங்குகிறான். ஆகவே சுற்றுப்புறத்தைப் பார்த்துவரப் புறப்பட்டேன்.

முதலில் சிதம்பரம். தில்லை என்பது உப்பங்கழிச் சதுப்பில் வளரும் மரம்; பிச்சாவரத்தில் இன்றும் காணலாம். அந்த மரத்தின் பெயரைக் கொண்ட ஊர், வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமுமாக நடுவில் இருக்கிறது. நான் பார்த்த மனை பழைய நெல் வயல். கோடையில் வெடித்து மழையில் உப்பும் களிமண். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்த பிறகு, ஜனங்கள் அங்கீகார எண்ணைக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்கத்தான் இன்னும் கற்கவில்லை. நான் பக்கத்துக் கூரை வீட்டு ஆயாவைக் கேட்டேன்.

"ஐப்பசி கார்த்திகையிலே முழங்கால் தண்ணி நிக்கும், தம்பி" என்றாள்.

"மண்ணடித்து மேடாக்கிவிட்டால்?"

"நீங்க மேடாக்கிடுவீங்க. தண்ணி எங்கே போவும்? எங்க வூட்டுக்குத்தான் வரும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். அன்று ரயிலில் திரும்பும்போது நான் யாருடனும் பேசவில்லை.

கடலூரும் தண்ணீருக்குத் தப்பின ஊர் அல்ல. கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் இடம்; 'கூடலூர்' என்ற பழைய பெயரே அதைச் சொல்லும். 2004-இல் ஆழிப் பேரலை, 2011-இல் தானே புயல், 2015-இலும் 2024-இலும் வெள்ளம் என்று இந்த ஊர் பட்டது கொஞ்சமல்ல. ஆனால் பழைய வீடு அந்தப் பரீட்சைகளை எழுதி முடித்திருந்தது. மதிப்பெண்ணைப் பார்ப்பதுதான் நம் வேலை.

மேஸ்திரி ஒருவரை அழைத்துப் போனேன். அவர் சுவரைத் தட்டிக் கேட்டார். உத்தரம் சுவரில் நுழையும் முனையை ஆணியால் குத்திப் பார்த்தார். "கடற்காற்றிலே கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பிளந்துகொள்ளும், ஐயா. இது சுண்ணாம்புக் காரை, அந்தப் பயமில்லை. உப்புப் பூத்த இடத்தைச் சுரண்டிப் பூசினால் போதும்" என்றார்.

வீட்டுக்கார அம்மாளுக்கு வயது எண்பது இருக்கும். நாங்கள் கேட்பதற்கு முன்பே வாசலுக்கு வந்து, மூன்று படிகளில் இரண்டாவதைக் காட்டினாள். "2015-இல் இதுவரை வந்தது, உள்ளே வரவில்லை. தானே புயலில் பின்கட்டு ஓடெல்லாம் பறந்தது. தென்கிழக்கு மூலை உத்தரத்தில் கறையான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு விலை சொல்லுங்கள்" என்றாள்.

புதிய வீட்டின் குற்றங்களை இப்படி முன்கூட்டிச் சொல்ல யாரால் முடியும்? அவை நாம் குடிபோன பிறகல்லவா ஒவ்வொன்றாக அறிமுகமாகின்றன!

என் மனைவி இதற்குள் சமையலறைக்குப் போயிருந்தாள். புகை படிந்த இருட்டறை. பத்தாவதும் அப்படித்தானா என்று அவள் முகம் கேட்டது. ஆயா சொன்னதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். வெகு நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அந்தக் கிழவி வீட்டில் தண்ணீரை விட்டுவிட்டு நாம் ஜன்னலில் காற்று வாங்க வேண்டாம். ஆனால் இதை இடித்தே ஆகவேண்டும்" என்றாள்.

"வீட்டையா?"

"சமையலறையை. கிழக்கே ஜன்னல்."

முப்பது வருஷத்து வில்லங்கமும் மூலப் பத்திரமும் பார்த்து, கிரயம் முடிந்தது. சமையலறைக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் பெருமான் அந்தக் கல்லே தெப்பமாகக் கரையேறிய தலம் திருப்பாதிரிப்புலியூர். என் கல் கடன் பத்திரத்தில் இருக்கிறது. அதோடு நானும் கரையேறுவேன் என்று நம்பிக்கொண்டு, தினம் காலையில் கிழக்கு ஜன்னலருகே காபி குடிக்கிறேன்.