ஈயக்குண்டு சொன்ன ஆழம்

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ரிங்லெட் ஏரியைக் காரிலிருந்து பார்ப்பதோடு சரி. மாமாவோடு நான் ஒரு நாள் முழுக்க அந்த மலையில் இருந்தேன். காலையில் பிரிஞ்சாங் உச்சிப் பக்கம் பாசிக்காடு. 2,000 மீட்டரை ஒட்டிய உயரம். மிதித்தால் தரை பஞ்சுபோல் அமுங்குகிறது. மழையைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் பாசிதான்.

மதியம் ஏரிக்கரையில் தூண்டில். மாமா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஈயக்குண்டை வீசியதுமே நூல் தளர்ந்துவிட்டது.

"பாத்தியாடா, அதுக்குள்ள தரை. சின்ன வயசுல நூல் போய்க்கிட்டே இருக்கும்."

1960களில் மின்சாரத்துக்காக பெர்த்தாம் ஆற்றை மறித்ததில் உருவான ஏரி இது. காட்டை வழித்துக் காய்கறி போட்ட சரிவுகளின் மண் மழைக்கு மழை இங்கே வந்து படிகிறது. மண் ஏற ஏற, வெள்ளத்துக்கு இடம் குறைகிறது. 2013 அக்டோபரில் அணை நீரைத் திறந்துவிட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின.

மாலைக்குள் இரண்டு திலாப்பியா மாட்டின. செவுளைக் கழுவக் கழுவச் சேறு வந்தது. கோலாலம்பூர் சந்தைக்கும் சிங்கப்பூருக்கும் போகும் முட்டைகோஸ் அதே சரிவுகளில்தான் விளைகிறது. அதன் விலையில் இந்த மண்ணை யாரும் சேர்ப்பதில்லை.