எக்செல்லில் அம்மா இல்லை

என் தம்பி எந்தக் காரியத்தையும் எக்செல் ஷீட் இல்லாமல் செய்ய மாட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட ஒரு ஷீட் வைத்திருந்தான் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அவன் மனைவி இந்தப் பத்தியைப் படிப்பாள் என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

2024 நவம்பரில் ஒரு காலை, அவனிடமிருந்து மெயில். 'வின்ட்டர் ட்ரிப் - ஃபைனல்' என்று தலைப்பு. அவன் இருப்பது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து டென்வரை ஒட்டிய புறநகரில். அம்மா அக்டோபரிலேயே அங்கே போய்விட்டாள். டிசம்பர் கடைசியில் நானும் மனைவியும் மகளும் போவதாக ஏற்பாடு. தம்பி குடும்பத்தில் மூன்று பேர். ஆக மொத்தம் ஏழு டிக்கெட், ஒரு மினிவேன்.

ஷீட்டைத் திறந்தேன். முதல் நாள் லவ்லேண்ட், கீஸ்டோன் என்று இரண்டு ஸ்கீ ரிசார்ட். இரண்டாம் நாள் பிரெக்கன்ரிட்ஜ். மூன்றாம் நாள் வெய்ல். நான்காம் நாள் லெட்வில் வழியாக ஆஸ்பென். ஐந்தாம் நாள் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ். ஆறாம் நாள் வீடு. ஆறு நாளில் ஆறு இடம். நம்ம ஊர் அறுபடை வீடு டூர் பஸ்காரர்கள்கூட இப்படி விரட்ட மாட்டார்கள். அவர்கள் பழநியிலாவது பஞ்சாமிர்தம் வாங்க நேரம் விடுவார்கள்.

நான் பி.காம். ஆடிட்டராக ஆகவில்லையே தவிர, ஆடிட்டர் புத்தி போகவில்லை. யார் கணக்கை நீட்டினாலும் 'எங்கே உதைக்கிறது?' என்றுதான் கண் தேடும். அன்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் உதை, பணம். வெய்ல் மாதிரிப் பெரிய இடங்களில் சீசன் நேரத்தில் கவுன்டரில் போய் நின்றால், ஒருவருக்கு ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டுகிறது. சறுக்கத் துணிந்தவர்கள் எங்களில் நாலு பேர். நாலு முன்னூறு ஆயிரத்து இருநூறு டாலர். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய். அதுவும் மலையில் கால் வைப்பதற்கு மட்டும். பலகை, பூட்ஸ் வாடகை தனி. சொல்லித்தரும் வாத்தியார் அதைவிடத் தனி. சீசனுக்கு முன்பே பாஸ் வாங்குகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகும். வருஷத்துக்கு இருபது நாள் சறுக்குகிறவனுக்கான வியாபாரம் அது. நாங்களோ வாழ்நாளில் முதல் தடவை விழப்போகிறவர்கள்.

இரண்டாவது உதை, ரோடு. லெட்வில்லிலிருந்து ஆஸ்பெனுக்கு 60 மைல் என்று போட்டிருந்தான். மேப்பில் பார்த்தால் சரிதான். ஆனால் அந்த 60 மைல், இண்டிபென்டென்ஸ் பாஸ் என்கிற கணவாய் வழியாகப் போவது. உயரம் 12,095 அடி. பனிக்காலம் தொடங்கியதும் கேட்டைப் பூட்டிவிட்டுப் போனால் மே கடைசியில்தான் திறப்பார்கள். அதுவரை சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். 60 மைல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். தம்பி கோடையில் ஆபீஸ் நண்பர்களோடு போன ஞாபகத்தில் போட்டிருக்கிறான். கோடையின் கணக்கைக் குளிர்காலத்தில் எழுதினால் எப்படி பேலன்ஸ் ஆகும்?

மூன்றாவது உதைதான் பெரியது. உயரம்.

டென்வர் 5,280 அடி. சரியாக ஒரு மைல். நம் ஏற்காடு உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெக்கன்ரிட்ஜ் ஊரே 9,600 அடியில் இருக்கிறது. தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் ஆனைமுடி, 8,842 அடி. ஆனைமுடி உச்சியில் ஏறி நின்று, அங்கிருந்து இன்னும் 750 அடி போனால்தான் அந்த ஊரின் கடைத்தெருவே வரும். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவிகிதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் 30 சதவிகிதம் தள்ளுபடி. ஆடித் தள்ளுபடி மாதிரி சந்தோஷப்படுகிற சமாசாரம் இல்லை.

அம்மாவுக்கு 71 வயது. 2018-ல் ஸ்டென்ட் வைத்தது. முழங்கால் வலி அதற்கும் சீனியர்.

ஷீட்டில் பெட்ரோலுக்கு ஒரு காலம் இருந்தது. ஹோட்டலுக்கு, டிக்கெட்டுக்கு, டயர் செயினுக்குக்கூட ஒரு காலம். அம்மாவுக்குத்தான் இல்லை.

போன் போட்டேன். ஒவ்வொன்றாகச் சொல்லி அடித்துக்கொண்டே வந்தேன். கீஸ்டோன் வேண்டாம். பிரெக்கன்ரிட்ஜ் வேண்டாம். ஸ்டீம்போட் வேண்டவே வேண்டாம். அவன் பதிலே பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ" சொன்னேன்.

"அப்பாவுக்குத்தான் எதுவும் செய்ய முடியலைண்ணே. அம்மாவுக்காவது எல்லாத்தையும் காட்டணும்னு நினைச்சேன். அதையும் நீ அடிக்கிற."

என் பேனா நின்றுவிட்டது.

அப்பா போனது 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில். அந்த மாதம் 4-ம் தேதியிலிருந்து இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அமெரிக்கா தடை போட்டிருந்தது. தம்பி வேலை விசாவில் இருந்தான். வந்தால் எப்போது திரும்பிப் போவான் என்று யாராலும் சொல்ல முடியாத நேரம். அங்கே மனைவி, நாலு வயதுப் பையன். 'வராதே' என்று சொன்னது நான்தான். வீடியோ காலில் காட்டியதும் நான்தான். மயானத்தில் எங்கள் முறை வர நாலு மணி நேரம் ஆனது. முறை வந்தபோது என் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது.

அப்புறம் அவன் 2022-ல் வந்தான். வந்த பத்து நாளும் வாரிசுச் சான்றிதழுக்கும் பேங்குக்கும் அலைந்தே தீர்ந்தது. ஆக, அந்தக் கணக்கு எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே நின்றது. புத்தகத்தில் இதற்கு 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று பெயர். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாததை அதில் போட்டு வைப்போம்.

"அம்மாகிட்ட கேட்டியாடா?" என்றேன்.

கேட்கவில்லை. அம்மாவிடம் போனைக் கொடுத்தான்.

"பனி இங்க வாசல்லயே கொட்டிக் கிடக்கு. தெனம் இவன்தான் அள்ளிப் போடுறான். அதைப் பார்க்க நூறு மைல் போகணுமா?" என்றாள் அம்மா. அப்புறம், "ஒண்ணு செய்யுங்க. ஒரு நாளாவது இவன் வண்டி ஓட்டாம இருக்கட்டும். நீயும் இவனும் ஒரே இடத்துல உட்கார்ந்து எத்தனை வருஷமாச்சு?"

ஷீட் அன்றைக்கே மாறியது. திங்கள் கிளம்பி வியாழன் திரும்புவது. டென்வரிலிருந்து மலைக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலையில் சனிக்கிழமை காலையில் போனால், பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூர்தான். மூன்று ராத்திரியும் ஒரே ஊரில், க்ளென்வுட் ஸ்பிரிங்ஸில். டென்வரிலிருந்து 160 மைல் தள்ளி மலைக்கு நடுவில் இருந்தாலும் அதன் உயரம் 5,760 அடிதான். அம்மாவின் டாக்டர் சொன்னதும் இதைத்தான். "பகல்ல உயரமா போயிட்டு வரலாம். ராத்திரி தூங்குற இடம் தாழ்வா இருக்கட்டும்." ஆறு ரிசார்ட்டில் வெய்லும் ஆஸ்பெனும் மிஞ்சின. அதுவும் வேடிக்கை பார்க்க மட்டும். சறுக்குவதற்கு, ஷீட்டிலேயே இல்லாத சன்லைட் என்கிற சின்ன மலை. க்ளென்வுட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டிக்கெட் வெய்லில் பாதிகூட இல்லை.

மூன்றாம் நாளுக்கு நேரே, 'மற்றவர்கள் சறுக்குவார்கள். நான் வண்டி ஓட்டமாட்டேன்' என்று மட்டும் எழுதியிருந்தான். உண்மையில் ஹோட்டலிலிருந்து மலைக்கு அரை மணி ஓட்டினான். அம்மா பெரிய மனசு பண்ணி அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

டிசம்பர் 30. வேனில் செயின் ஏற்றிக்கொண்டோம். அந்த நெடுஞ்சாலையின் மலைப் பகுதியில் செப்டம்பர் முதல் மே வரை தகுந்த டயரோ செயினோ வண்டியில் இருந்தாக வேண்டும் என்று சட்டம். தம்பி முந்தின நாள் கராஜில் வைத்து செயின் மாட்டிப் பழகினான். நான் டார்ச் அடித்தேன். முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கு முன்னால்தான் மாட்ட வேண்டும் என்பது பின்சக்கரத்தில் மாட்டி முடித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

வழியில் ஐசன்ஹோவர் சுரங்கம். 1973-ல் திறந்தது. 11,158 அடி உயரத்தில் மலையைக் குடைந்து 1.7 மைல் நீளம். உள்ளே நுழையும்போது வெயில், வெளியே வரும்போது பனிமூட்டம். அம்மா கைப்பையிலிருந்த முருகர் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெய்லில் ஒரு மணி நேரம் நிறுத்தினோம். 1962-ல் திறந்த இடம். அதற்கு முன்னால் அங்கே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில், பக்கத்தில் கேம்ப் ஹேல் என்ற முகாமில் பனிமலைப் போருக்குப் பயிற்சி எடுத்த பீட் செய்பர்ட் என்ற சிப்பாய், இத்தாலியில் பலத்த காயம் பட்டுத் திரும்பி, நண்பரோடு சேர்ந்து உருவாக்கியது. நடக்கவே சிரமப்படுவான் என்று டாக்டர்கள் நினைத்த மனிதர், சறுக்குவதற்கென்றே ஒரு ஊரைக் கட்டியிருக்கிறார். அம்மா புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அவருக்கும் முழங்கால் வலி இருந்திருக்கும்" என்றாள்.

மறுநாள் ஆஸ்பெனுக்கு உள்ளூர் பஸ்ஸிலேயே போய்வந்தோம். ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்க ஊர். 1893-ல் வெள்ளி விலை விழுந்ததும் ஊரும் விழுந்தது. அரை நூற்றாண்டு கழித்து, யாருக்கும் உதவாது என்று கிடந்த பனியை விற்கக் கற்றுக்கொண்டு எழுந்தது. பி.காம் பாடத்தில் இதை வைத்திருந்தால் நான் இன்னும் நல்ல மார்க் வாங்கியிருப்பேன். சாயங்காலம் க்ளென்வுட்டின் வெந்நீர் ஊற்றுக் குளம். 1888-லிருந்து இருக்கிறது. சுற்றிலும் பனி, நடுவில் ஆவி பறக்கிற தண்ணீர். தம்பி மனைவி வாங்கித் தந்த முழுக்கை நீச்சல் உடையை அரை மணி நேரம் மறுத்துவிட்டு, இறங்கின பிறகு அம்மா எழுந்து வர அரை மணி நேரம் மறுத்தாள்.

2025-ன் முதல் நாள், சன்லைட். அடிவாரமே ஏறக்குறைய 7,900 அடி. அங்கேதான் ஒருவருக்கு மலை ஏறினதும் தலைவலி, குமட்டல். அம்மாவுக்கு இல்லை. எனக்கு!

அம்மா இரண்டு மாதம் டென்வரில் இருந்து பழகியவள். சென்னைக் கடல் மட்டத்திலிருந்து ஐந்து நாளைக்கு முன்னால் வந்து இறங்கியவன் நான்தான். ஊருக்கெல்லாம் காலம் போட்ட நான் என் பெயரை விட்டிருக்கிறேன். "தண்ணிய குடி. சும்மா உட்காரு" என்றாள் அம்மா.

என் மனைவியும், தம்பி மனைவியும், பிள்ளைகளும் வாத்தியாரிடம் போனார்கள். முதல் பாடமே எப்படி விழுவது, விழுந்தால் எப்படி எழுந்திருப்பது என்பதுதானாம். நாங்கள் மூன்று பேரும் விடுதியின் கண்ணாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தோம். வெளியே என் மகள் விழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தாள்.

ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் தம்பி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான். "அண்ணே, அன்னிக்கு போன் ஆஃப் ஆனதுக்கப்புறம் என்ன நடந்துச்சு?"

மூன்றரை வருஷத்தில் இதை அவன் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை. அம்மாவும் மயானத்துக்கு வரவில்லை. அவளுக்கும் தெரியாது.

சொன்னேன். எல்லாவற்றையும் இங்கே எழுதப்போவதில்லை. பாதுகாப்பு உடை போட்டிருந்த ஒரு பையன், "வேற யாராச்சும் கும்பிடணுமா சார்?" என்று கேட்டதையும், "இன்னொரு பையன் இருக்கான், அவனுக்கும் சேர்த்து" என்று நான் இரண்டாவது முறை கும்பிட்டதையும் சொன்னேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தம்பி எழுந்து போய் மூன்று ஹாட் சாக்லெட் வாங்கிக்கொண்டு வந்தான். அவன் கண் சிவந்திருந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "ரொம்பத் தித்திப்பு. உங்கப்பாவுக்குப் பிடிச்சிருக்கும்" என்றாள்.

உங்களுக்கும் அங்கே ஒரு தம்பியோ மகளோ இருந்து, குளிர்கால டூருக்கு ஷீட் அனுப்பினால், மூன்று விஷயம் பாருங்கள். எந்தக் கணவாய் மூடியிருக்கும்? ராத்திரி எத்தனை அடி உயரத்தில் தூங்குகிறீர்கள்? எந்த நாள் காலியாக இருக்கிறது? காலி நாள் இல்லை என்றால், ஏதாவது ஒரு மலையை அடித்துவிடுங்கள். மலை கோபித்துக்கொள்ளாது.

நாங்கள் ஊர் திரும்பி ஆறு மாதம் கழித்து தம்பியிடமிருந்து இன்னொரு மெயில். குடும்பத்தோடு சென்னை வருகிறானாம். தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, ஊட்டி. மொத்தம் ஆறு நாள்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"ஊட்டிய அடிச்சிடு" என்றாள்.