எந்தத் தெரு?

மே மாதம் பிறந்தால் மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு பூட்டு தொங்கும். பிள்ளை அமெரிக்காவில், பெண் லண்டனில் என்று இருக்கிற வீட்டுப் பெரியவர்கள் ஆறு மாதத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து என்று பேச்சு ஓடும். சமையல்காரரையும் கூடவே அனுப்பி ஐரோப்பாவில் சுத்த சைவச் சாப்பாடு போடுகிற டூர்கள்கூட உண்டு. ஆல்ப்ஸ் மலைக்குப் போனாலும் ரசம் சாதம் பின்னாலேயே போகும். ரசம் சாதம் மட்டுமா போகிறது?

திரும்பி வந்தவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுவார்கள். மணியன் ஆனந்த விகடனில் நாடு நாடாகப் போய் எழுதிய காலத்திலிருந்து இது தமிழில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்களுக்கும் பயண இலக்கியம் என்று ஒரு பகுதி இருந்தது. கப்பலேறிய கூலிச் சனத்தைப் பற்றி அதில் ஒரு பத்திகூட இல்லை. மேல்சாதிக்காரர் கடல் தாண்டினால் தீட்டு, பிராயச்சித்தம் என்று சாஸ்திரம் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே இலங்கைக்கும் மலேயாவுக்கும் மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் கூட்டம் கூட்டமாகப் போனவர்களில் பெரும்பங்கு எங்கள் சனம். பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். நகரங்களையும் மலைகளையும் பார்த்தார்கள். ஆனால் அதற்குப் பெயர் பயணம் இல்லையாம். பிழைக்கப் போனதாம்.

அதனால் என் குடும்பத்தில் தாயும் பிள்ளையுமாக நடந்த மூன்று கோடைப் பயணங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலாவது என் ஆயாவும் நைனாவும் வந்தது. வட ஆற்காட்டிலிருந்து கங்காணி பிடித்துக்கொண்டு போன குடும்பம் எங்களுடையது. அந்தக் காலத்தில் போனவர்கள் தோணியில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே மலை ஏறினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 2023இல் மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, அந்தச் சனம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தது. நம் பத்திரிகைகளில் எத்தனை பேர் அதைப் படித்திருப்போம்?

ஆயா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்தில் பிறந்தவள். கொழுந்து பறித்தவள். 1948இல் இலங்கை அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவளையும் அவளைப் போன்ற லட்சக்கணக்கானவர்களையும் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடு மாடு பிரிக்கிறவன்கூட எது தாய், எது கன்று என்று பார்ப்பான்.

எங்கள் குடும்பத்தில் முதல் பாஸ்போர்ட் ஆயாவுடையதுதான். வெளியே அனுப்புவதற்காகக் கொடுத்த பாஸ்போர்ட். ஒரே ஒரு தடவை பயன்பட்டது. 1971 கோடையில் புருஷனைத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிட்டு, எட்டு வயசு நைனாவைக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலேறினாள். அந்த ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். தலைமன்னாரில் கப்பல், இராமேசுவரத்தில் இறக்கம், மண்டபம் முகாம். அங்கிருந்து கோத்தகிரி, கூடலூர் என்று நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர். மறுபடியும் தேயிலை, மறுபடியும் மலை. ஆயா மட்டும் "மலையே வேணாம்" என்று சொல்லிவிட்டு, தூரத்து உறவைத் தேடி மெட்ராஸ் வந்து, மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய்க்கரையில் குடிசை போட்டாள்.

இரண்டு வருசம் கழித்து, 1973 மே மாதம், 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது. நைனா அதை எத்தனை தடவை பார்த்தாரோ கணக்கே இல்லை. சேரிக்கு ஜப்பானைக் காட்டியது எம்.ஜி.ஆர்.தான். "ஒசாகா எக்ஸ்போ பாத்துக்கிறியா நீ?" என்று நைனா என்னைக் கேட்பார், நேரில் போய் வந்தவர் மாதிரி. கப்பலேறி வந்த தன் பயணத்தைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை.

இரண்டாவது பயணம் நானும் அம்மாவும் போனது. தூரம் கொஞ்சம்தான். கால்வாய்க்கரையிலிருந்து மாட வீதிக்குப் பின்னால் ஒரு தெரு. அந்த வீட்டில் அம்மா பாத்திரம் தேய்த்தாள். மே மாதம் வீட்டுக்காரர்கள் வெளிநாடு போனால் அம்மாதான் காவல். இருபது நாள், இருபத்தைந்து நாள் நானும் அவளும் ராத்திரி அங்கேதான் படுப்போம். வீட்டுக்குள் இல்லை, வெளித் தாழ்வாரத்தில். சமையலறையையும் பூஜை அறையையும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார்கள். துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆனால் தோட்டத்துக் குழாயில் பிடித்து, கையால் செடியைத் தொடாமல். அந்த வீட்டை ஒரு மாசம் நம்பி ஒப்படைக்கலாம், ஒரு செடியை ஒப்படைக்க முடியாது.

1997இல் பறக்கும் ரயில் திருமயிலை வரை வந்த வருசம், எனக்கு ஒன்பது வயசு. கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டிருந்தார்கள். அந்த மே மாதமும் காவல் இருந்தோம். திரும்பி வந்தவர்கள் எனக்கு முக்கோணமாய் ஒரு சாக்லேட் கொடுத்தார்கள். ஆல்பத்தையும் காட்டினார்கள். எல்லாப் படத்திலும் பனிமலை. அந்த வீட்டுப் பெண், என் வயசுக்காரி, சிவப்புக் கோட்டு போட்டு அப்பா கையைப் பிடித்து நின்றாள். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, இவ்ளோ பனியில துணி எப்டிக் காயும்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? எந்த ஊரிலும் துணி தோய்க்கிறவள் ஒருத்தி இருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பயணக் கட்டுரையில் அவளைக் காணோமே என்றுதான் கேட்டாள்.

மூன்றாவது பயணம் நானும் என் மகளும் போனது. கல்வி உரிமைச் சட்டத்தின் இருபத்தைந்து சத இடத்தில் அடையாறில் ஒரு தனியார் பள்ளியில் அவள் படிக்கிறாள். ஜூன் மாதம் பள்ளி திறந்தால் முதல் வேலை, 'கோடை விடுமுறையை எப்படிக் கழித்தேன்' என்று ஒரு பக்கம் எழுதுவது. மற்ற பிள்ளைகள் பாரிஸ், பாலி என்று எழுத, என் மகள் பெரும்பாக்கம் என்று எழுதினாள். அதுவும் கோடைப் பயணம்தான். 2022 மே மாதம் ஆக்கிரமிப்பு என்று சொல்லி கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தார்கள். மனம் பொறுக்காமல் ஒருவர் தீக்குளித்துச் செத்தார். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளையும் பாத்திரங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களில் என் சித்தி குடும்பமும் ஒன்று. மகள் எழுதியதைப் படித்த டீச்சர், "இது ஊர் இல்லையேம்மா, டூர் போன இடத்தை எழுது" என்றாராம்.

அன்றைக்கே மாசச் சீட்டு ஒன்று போட ஆரம்பித்தேன்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கரைமேல் நின்றுகொண்டே கேட்டார். "இன்னா வேலைக்குப் போற? வூட்டு வேலையா?"

"சுத்திப் பாக்கப் போறோம் சார். நானும் எம் பொண்ணும்."

"சுத்திப் பாக்கவா?" என்று என்னையும் பார்த்தார், வீட்டையும் பார்த்தார். எம்.ஏ. சான்றிதழை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். சென்னையில் இ.சி.ஆர். என்றால் பங்களாக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை. எங்கள் சனத்துக்கு அது பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை. பத்தாவது தேறாதவர் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசு பரிசீலிக்க வேண்டும் என்பதற்கான முத்திரை. பாதுகாப்புக்குத்தான் வைத்தார்கள், சரி. ஆனால் போலீஸ்காரர் மனசில் அந்த முத்திரை எங்கள் முகத்திலேயே குத்தியிருந்தது.

2024 மே மாதம் ரங்கநாதன் தெருவில் அவளுக்குப் புது ஷூவும் எனக்கொரு பையும் வாங்கிக்கொண்டு கொழும்புக்கு விமானம் ஏறினோம். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. காலிமுகத்திடலில் இரண்டு பேரும் இஸ்ஸு வடை தின்றோம். இறால் வைத்த வடை. மெரினாவில் ஏன் இது இல்லை என்று மகள் கேட்டாள், எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கண்டி போனோம். கண்டியிலிருந்து பதுளை ரயில். மலை ஏற ஏறக் குளிர் உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் பச்சை. மகள் ஜன்னலைவிட்டு நகரவே இல்லை. அழகுதான். அதை எதற்கு மறைக்க வேண்டும்? எங்கள் ரத்தம் உரமாகிய மலை என்று மேடையில் பேசியிருக்கிறேன், ஆனாலும் பார்த்தபோது கண் நிறைந்தது.

எதிர் இருக்கையில் ஓர் அம்மாள், தி.நகர். தமிழ்க் குரல் கேட்டதும் முறுக்கு டப்பாவைத் திறந்து மகளுக்குக் கொடுத்தார். "மெட்ராஸ்ல எங்க?" என்றார்.

"மயிலாப்பூர்" என்றேன்.

முகம் மலர்ந்தது. "அப்டியா! மயிலாப்பூர்ல எந்தத் தெரு?"

தோழர்களே, இந்தக் கேள்வியை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். சாதி என்ன என்று நேராகக் கேட்டால் அநாகரிகம், அதனால் தெரு. நான் வாயைத் திறக்கும் முன்னே மகள், "ஸ்டேஷனுக்குப் பின்னாடி, கால்வாய்க்கரை" என்றாள். "ஓ" என்றார். கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு நடுவில் அவருடைய கைப்பை வந்து உட்கார்ந்தது. அட்டன் வருகிற வரைக்கும் அவர் தூங்கினார்.

"ஏம்மா ஆன்ட்டி பேசறத நிறுத்திட்டாங்க?"

"நம்ம தெரு அவங்களுக்குப் புடிக்கல."

"நம்ம தெருவுக்கு வந்துருக்காங்களா?"

"இல்ல."

அங்கேயே, அந்த ரயிலிலேயே, அவளுக்கு அண்ணலின் கதையைச் சொன்னேன். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்று அம்பேத்கர் எழுதிய நினைவுக் குறிப்பில் முதலில் வருவது ஒரு கோடை விடுமுறைப் பயணம். 1901. அப்பா கோரேகானில் வேலை. சதாராவிலிருந்து அண்ணன், அக்காள் மகன்களோடு சிறுவன் பீமன் அப்பாவைப் பார்க்க ரயிலேறுகிறான். புதுச் சட்டை, சரிகைக் குல்லா, புது ஷூ. மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அப்பா அனுப்ப வேண்டிய ஆள் வரவில்லை. உடையைப் பார்த்து உயர்சாதிப் பிள்ளைகள் என்று நினைத்த ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரித்தார். மகார் என்று தெரிந்ததும் முகம் மாறிப் பின்வாங்கினார். எந்த வண்டிக்காரனும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டை வாடகை பேசி, பிள்ளைகளே மாட்டை ஓட்ட, வண்டிக்காரன் நடந்து வந்தான். கூடையில் சோறு இருந்தது. ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

சொந்த நாட்டுக்குள் அப்பாவைப் பார்க்கப் போன அனுபவத்தைச் சொல்லும் எழுத்துக்கு எதற்கு விசா என்று தலைப்பு? என் மகள் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. புது ஷூவைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தலவாக்கலையில் இறங்கி ஆயாவின் தோட்டத்தைக் கண்டுபிடித்தோம். லயம் அப்படியே இருக்கிறது. ஒரே கூரை, வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. ஆயாவைத் தெரிந்தவர் யாரும் இல்லை. மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நாள்கூலி ஆயிரம் ரூபாய் ஆவதற்கே 2021 வரை அவர்கள் போராட வேண்டியிருந்தது. இலங்கை ரூபாயைச் சொல்கிறேன். மகள் போனைத் தூக்கியதும் ஓர் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எடுங்க, எடுங்க. எல்லாரும் புடிச்சிக்கிட்டுப் போறாங்க. ஒருத்தரும் எங்களுக்கு அனுப்புனது இல்ல."

மகள் போனைக் கீழே இறக்கி, "உங்க அட்ரஸ் குடுங்கக்கா" என்றாள்.

லயத்து வாசலில் ஒரு பாட்டி எங்களுக்குச் சாயத் தண்ணி கொடுத்தார். பால் கலக்காத டீ. அவருடைய இரண்டு அக்காள்களும் அழுகைக் கோச்சியில் போனவர்கள். கூடலூர் என்று கடுதாசி வந்ததாம், அப்புறம் அதுவும் நின்றதாம். எங்கள் கதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"திரும்பிப் போக டிக்கட் இருக்கா?"

"இருக்கு பாட்டி. வியாழக்கிழமை."

"அப்பச் சரி. சுத்திப் பாத்துட்டுப் போங்க."

எத்தனையோ நூல்களில் தேடியும் எனக்குக் கிடைக்காத விளக்கம் அது. இரண்டு பக்கமும் டிக்கெட் வைத்திருக்கிறவனுடையதைப் பயணம் என்கிறோம். ஒரு பக்க டிக்கெட்டில் போனவளுக்கு இலக்கியத்தில் இடமில்லை. ஆயாவின் ஒரு பக்க டிக்கெட்டின் மறுபாதியை நானும் மகளும் போய் வாங்கிக்கொண்டு வந்தோம் என்றே நினைக்கிறேன்.

ஜூன் மாதம் மகள் கட்டுரை எழுதினாள். "என் கொள்ளுப்பாட்டி வேலை செய்த மலைக்குப் போனோம். அங்கே டீ குடித்தோம்" என்று ஆரம்பித்து, கால்வாய்க்கரை, பெரும்பாக்கம் எல்லாம் எழுதிவிட்டாள். ஒரு பக்கம் போதாமல் நான்கு பக்கம். டீச்சர் சிவப்பு மையில் 'தலைப்பை விட்டு விலகியுள்ளது' என்று போட்டிருந்தார். மகள் அழவில்லை. "தலைப்பு தான் தப்புமா" என்றாள்.

படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் ஆயாக்களும் தாத்தாக்களும் கப்பலிலும் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் குப்பை லாரியிலும் போன வழிகளைக் கேட்டு எழுதுங்கள். எந்த வருசம், எந்த ஸ்டேஷன், யார் தண்ணீர் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று விவரமாக எழுதுங்கள். சீக்கிரம் கேளுங்கள். நைனாவிடம் நான் இனிமேல்தான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். தலைமன்னார்க் கப்பலில் தனக்கு யாரோ ஒரு ஆரஞ்சு கொடுத்தார்கள் என்பது வரைக்கும் வந்திருக்கிறார்.

தலவாக்கலை அக்காவுக்கு அனுப்ப வேண்டிய படங்களைப் பிரதி எடுத்து, மகளே உறையில் போட்டு முகவரி எழுதினாள். அனுப்புநர் இடத்தில் தெருப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்.