உப்பில் பிறந்த ஒலி

காந்தம் கிடையாது, கம்பிச்சுருள் கிடையாது. அப்புறம் ஒரு ஸ்பீக்கர் எப்படிப் பாடும்? இயர்போனுக்கான சிலிக்கான் சிப் ஸ்பீக்கர்களைப் பற்றிப் படித்த நாள்முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இவற்றைச் செய்யும் கலிஃபோர்னியாவின் எக்ஸ்மெம்ஸ், ஆஸ்திரியாவின் யூசவுண்ட் எல்லாம் அண்மையில் முளைத்த நிறுவனங்கள். அந்தச் சிப்புகளின் அடியில் இருக்கும் சூட்சுமம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடிப் போனேன்.

தேடல் 1880ஆம் ஆண்டுப் பாரிஸில் கொண்டுபோய் நிறுத்தியது. சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கிறது என்று பியர் கியூரியும் அண்ணன் ழாக்கும் காட்டினார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாற வேண்டும் என்று மறு ஆண்டே கணக்குப் போட்டுச் சொன்னார் இயற்பியலாளர் லிப்மன். சகோதரர்கள் அதையும் சோதித்து உறுதிசெய்தார்கள். ஸ்பீக்கருக்கு வேண்டியது இந்தத் தலைகீழ் வழிதான்.

அவர்கள் சோதித்தவற்றில் ரோஷெல் உப்பும் ஒன்று. பிரான்சின் லா ரோஷெல் ஊரில் 17ஆம் நூற்றாண்டில் செஞ்ஞெத் என்ற மருந்துக்காரர் பேதி மருந்தாகத் தயாரித்த உப்பு அது. நம் புளியின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலத்திலிருந்துதான் அதுவும் வருகிறது. கண்ணால் பார்க்காமல் எனக்கு மனம் ஆறவில்லை. கிரீம் ஆஃப் டார்டாரையும் சலவைச் சோடாவையும் வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, ஆடாமல் அசையாமல் வைத்தேன். கண்ணாடிச் சில்லு போல ஒரு படிகம் விளைந்தது. இரு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டி, ஆஸிலாஸ்கோப்பில் இணைத்து, பென்சில் முனையால் தட்டினேன். திரையில் கோடு துள்ளி எழுந்தது!

அந்தக் கால கிறிஸ்டல் இயர்போன்கள் இந்த உப்பில்தான் பாடின. ஆனால் ஈரம் பட்டால் கரையும். 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் கெட்டுவிடும். 1950களில் ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த பி.இசட்.டி. பீங்கான் வந்தது. இன்றைய சிப்புகளில் அதுவே ஓரிரு மைக்ரோமீட்டர் படலமாகச் சிலிக்கான்மேல் படிந்து, மெல்லிய தகட்டை வளைக்கிறது.

அந்த வளைவு மிகச் சிறியது. அறையை நிரப்பும் அளவுக்கு அடித்தொனி அதில் வராது. காதில் மட்டும் எப்படிப் போதுகிறது? திறந்த வெளியில் சுருதி இறங்க இறங்க மிக அதிகமான காற்றைத் தள்ள வேண்டும். அடைத்த காதிலோ காற்றுக்குப் போக்கிடம் இல்லை, லேசாக அமுக்கினாலே போதும். காதுக்குள் 2 கன சென்டிமீட்டர் காற்று என்று வைத்துக் கணக்கிட்டேன். 94 டெசிபல் ஒலிக்கு, 10 சதுர மில்லிமீட்டர் தகடு சராசரியாக ஒன்றரை மைக்ரோமீட்டர் அசைந்தால் போதும். படிகத்தின் சின்ன அசைவுக்கு ஏற்ற இடம் காதுதான் என்று அப்போதுதான் விளங்கியது.

வடிவமைப்பாளரின் பாடு இதற்குமேல்தான். தகடு தாராளமாக வளைய, அதன் ஓரங்களை வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடுக்கு வழியே காற்று கசிந்தால் அடித்தொனி போய்விடும். படலத்துக்குள் தங்கிய இறுக்கமோ, தகட்டை விடுவித்ததுமே அதன் நுனியைத் தூக்கி இடுக்கை அகலமாக்கிவிடுகிறது.